பிறந்த ஊருக்கும் விசா எடுக்க வேணுமா?

கேள்வி:

தங்கச்சி, நான் ஸ்காபரோவில் இருந்து எழுதுகிறேன். எனக்கு 66 வயது, இவருக்கு 70. 1989இல் ஊரை விட்டு வெளிக்கிட்டோம், 1995இல் கனடியப் பிரஜாவுரிமை எடுத்தோம். பிள்ளைகள் இருவரும் கல்யாணம் கட்டித் தங்கள் பாட்டில் இருக்கிறார்கள். கடைசிக் காலத்தை ஊரில் கழிக்க ஆசை. யாழ்ப்பாணத்தில் வலிகாமம் மேற்கில், கடலுக்குக் கிட்ட, ஆறு பரப்புக் காணியும் வீடும் எனக்குச் சீதனமாகத் தந்தது இருக்கிறது. 1990 தொடக்கம் என் ஒன்றுவிட்ட தம்பியின் குடும்பம் அதில் இருக்கிறது. நான்தான் இருக்கச் சொன்னேன். 95 யுத்த இடப்பெயர்வுக்குப் பிறகு கூரையில்லாமல் கிடந்த வீட்டை அவன்தான் திருத்தினான். போன ஆவணியில் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து இரண்டு மாதம் அங்கே நின்றோம். சிரித்துக் கதைத்தார்கள், ஆனால் என் வீட்டிலேயே நான் விருந்தாளி. கடைக்காரருக்கும் ஓட்டோக்காரருக்கும் ‘கனடா அன்ரி’. விசா நீடித்தபோது ‘வெளிநாட்டவர்’ என்று போட்டார்கள், அன்று இரவு நித்திரையே இல்லை. பக்கத்துக் காணி இரண்டு பரப்பு விலைக்கு வருகிறது, வாங்கலாமா? பிள்ளைகளுக்கு வீடு சேருமா? பிறந்த ஊருக்கும் விசா எடுக்க வேணுமா? நாங்கள் வந்தால் பொருந்துவோமா?

பதில்:

அன்புள்ள அக்காவுக்கு,

ஓம், எடுக்கத்தான் வேண்டும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டப்படி, தானாக விரும்பி இன்னொரு நாட்டின் பிரஜாவுரிமையை எடுத்தவருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை அத்தோடு போய்விடும். கடிதம் வராது, ஒருவரும் கூப்பிட்டுச் சொல்ல மாட்டார்கள். 1995இல் நீங்கள் அங்கே சத்தியப்பிரமாணம் செய்து, மேப்பிள் இலைக் கொடியோடு படம் பிடித்த அன்று இங்கே அது முடிந்தது. வெளிநாட்டில் இருந்து வந்து, சட்டத்தரணியான என் மேசைக்கு முன்னால் இருப்பவர்களில் பலர் பழைய அடையாள அட்டையைப் பிளாஸ்டிக் உறையில் இருந்து பக்குவமாக எடுத்து வைத்து, “இது இருக்குத்தானே தங்கச்சி” என்று கேட்பார்கள். அட்டை இருக்கிறது அக்கா. அது காட்டும் உரிமைதான் இல்லை.

திரும்ப எடுக்க வழி உண்டு. 1987இல் கொண்டுவந்த திருத்தத்தால் இரட்டைப் பிரஜாவுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், 55 வயது கடந்திருப்பதே ஒரு தகுதி. இருவரும் தனித்தனியாகப் போடுங்கள். கிடைத்தபின் வாக்குப் போடலாம், காணி வாங்கலாம், விசாச் சோலி இல்லை. ஆனால் பாராளுமன்றத் தேர்தல் கேட்க முடியாது. 2022இல் வந்த அரசியலமைப்பின் 21ஆவது திருத்தம் அதைத் தடுத்துவிட்டது. அத்தானுக்கு அப்படி யோசனை ஏதும் இருந்தால் இப்போதே சொல்லி வையுங்கள்.

இதில் ஆட்களை இழுத்தடிப்பது பெரும்பாலும் பெயர்தான். பிறப்புச் சான்றிதழில் தமிழில் ஒரு பெயர், அதற்குப் பிறகு தகப்பன் பெயர். கல்யாணப் பதிவில் முதலெழுத்தோடு இன்னொரு விதம். கனடாப் பாஸ்போட்டில் அத்தானின் பெயர் உங்கள் குடும்பப் பெயராக நிற்கும், நடுவில் ஓர் எழுத்துக் கூடியோ குறைந்தோ இருக்கும். மூன்று கடதாசியில் மூன்று பெண்கள். இந்த மூவரும் ஒரே ஆள்தான் என்று சத்தியக்கடதாசி முடித்து வைத்துக்கொண்டு விண்ணப்பத்தைத் தொடுங்கள். பிறப்பு, விவாகச் சான்றிதழ்களின் புதுப் பிரதிகளைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். கனடாப் பொலிஸ் நற்சான்றிதழை அங்கே இருக்கும்போதே எடுத்துவிடுங்கள்.

அந்த ‘வெளிநாட்டவர்’ என்ற சொல்லுக்கு வருகிறேன். அது உங்களைச் சுட்டது எனக்கு விளங்குகிறது. ஆனாலும் உங்களுக்கு நான் சொல்ல நினைப்பது அந்தச் சொல்லுக்குள்தான் இருக்கிறது. 1989இல் ரொறன்ரோவில் போய் இறங்கியபோது எப்படி இருந்தீர்கள் என்று நினைத்துப் பாருங்கள். பஸ் எங்கே ஏறுவது, எந்தச் சப்பாத்து பனிக்குச் சரி, குப்பை எந்தக் கிழமை எடுப்பார்கள் என்று யாரைக் கண்டாலும் கேட்டிருப்பீர்கள். யாருக்கும் உங்களைத் தெரியாது, அது உங்களுக்குக் கவலையாகவும் இருந்திருக்காது. இங்கே வந்து நிற்கும்போது எல்லாம் தெரியும் என்ற நினைப்பு வந்துவிடுகிறது. தெரிந்ததெல்லாம் 1989ஆம் ஆண்டு யாழ்ப்பாணம். இது வேறு நாடு என்றே வைத்துக்கொண்டு, பாஷை தெரிந்த புது ஆளாக வந்து இறங்குங்கள். அப்படி வந்தவர்கள் நின்றுபிடித்ததைப் பார்த்திருக்கிறேன். உரிமையோடு வந்து, இரண்டாம் வருடம் வீட்டைப் பூட்டிப்போட்டுத் திரும்பிப் போனவர்களின் திறப்புகள் சில என் லாச்சிக்குள் கிடக்கின்றன.

பக்கத்துக் காணி பற்றி: இப்போது வாங்க முடியாது. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணியை விற்றுக் கைமாற்றுவதைத் தடுக்கிறது. இரட்டைப் பிரஜாவுரிமை கையில் வந்த பிறகு அந்தத் தடை உங்களுக்கு இல்லை. அதுவரை பொறுக்க மனமில்லாமல் ‘மருமகன் பேரில் எழுதி வைப்போம், பிறகு மாற்றலாம்’ என்று யாரும் யோசனை சொன்னால் கேட்க வேண்டாம். அப்படி எழுதிய உறுதிகளால் வந்த வழக்குகள்தான் என் அலுமாரியின் கீழ்த்தட்டு முழுக்க. மருமகன் நல்லவராகவே இருக்கலாம். அவருக்குக் கடன் வரும், கல்யாணம் வரும், அவருடைய மாமியார் வருவார். இன்னொன்று, அந்த இரண்டு பரப்புக்குப் பங்காளிகள் இருந்தால் எங்கள் யாழ்ப்பாண வழமைச் சட்டமான தேசவழமையின் 1947ஆம் ஆண்டு முன்னீட்டுச் சட்டப்படி அதை வாங்கும் முதல் உரிமை அவர்களுக்கு. அவர்களுக்கு முறையாக அறிவிக்காமல் உங்களுக்கு விற்றால், நாளைக்கு வழக்கோடு வந்து நிற்பார்கள். ‘விலை மலிவு, சுறுக்காக முடிப்பம்’ என்ற பேச்சு வந்தாலே நான் முதலில் தேடுவது பங்காளியைத்தான்.

பணத்தை உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் மூலம், அனுப்பாதீர்கள். நாணய மாற்றில் நாலு காசு கூட வரும் என்பது உண்மைதான். ஆனால் வீடு திருத்தவோ காணி வாங்கவோ வரும் பணம் வங்கியில் உள்முக முதலீட்டுக் கணக்கு என்ற ஒன்றின் ஊடாக வந்ததற்குப் பதிவு இருந்தால்தான், பிறகொரு நாள் விற்ற காசை அதே வழியால் கனடாவுக்குச் சிக்கல் இல்லாமல் கொண்டுபோகலாம். உண்டியலில் வந்த காசுக்கு வந்த வழியும் இல்லை, போகும் வழியும் இல்லை.

பிள்ளைகளுக்கு வீடு சேரும். அவர்கள் கனடியர்களாக இருந்தாலும், நெருங்கிய உரித்தாளருக்கு வாரிசாகவோ மரணசாசனத்தாலோ நன்கொடையாகவோ போவதை 2014ஆம் ஆண்டுச் சட்டம் விலக்கியிருக்கிறது. நன்கொடையாக எழுதுவதானால் அத்தானும் கையெழுத்து வைக்க வேண்டும். சீதனம் உங்கள் சொந்தச் சொத்து என்றாலும், தேசவழமைக்கு உட்பட்ட மனைவி கணவனின் எழுத்துமூலச் சம்மதம் இல்லாமல் அசையாச் சொத்தைக் கைமாற்ற முடியாது. 1911ஆம் ஆண்டுச் சட்டம் அது, எழுதும் நாளில் மாறாமல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். எனக்கு அதில் கோபம் உண்டு, அதை இன்னொரு நாளைக்கு வைத்துக்கொள்வோம். அதற்கு முதல் பிள்ளைகளிடம் வேணுமா என்று ஒரு சொல் கேளுங்கள். வேண்டாத இருவருக்குப் பிரிபடாத பங்காகப் போன வீடு பற்றைக்காடாக நிற்பதை இந்தக் குடாநாட்டில் எந்த ஒழுங்கையிலும் காணலாம்.

இனித் தம்பியின் விடயம். உங்கள் கடிதத்தில் இதை இரண்டு வரியில் முடித்துவிட்டீர்கள், எனக்கு மிகுதி எல்லாவற்றையும் விட இதுதான் பெரிதாகப் பட்டது.

சட்டத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சொந்தக்காரரின் உரிமைக்கு எதிராகப் பத்து வருடம் காணியை ஆண்டு வந்தவருக்கு ஆட்சி உரிமை வரும் என்று 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்கச் சட்டம் சொல்கிறது. ஆனால் சொந்தக்காரரின் அனுமதியோடு வந்து இருப்பவர், நான் இனி உன் அனுமதியில் இல்லை என்று வெளிப்படையாக ஒன்றைச் செய்யாத வரைக்கும், எத்தனை வருடம் இருந்தாலும் அந்தக் கணக்கு ஓடத் தொடங்காது. நீங்கள் 1990இல் எழுதிய கடிதமோ, அவர் உங்களுக்கு எழுதிய பதிலோ இருந்தால் பத்திரப்படுத்துங்கள். நோட்டீஸ் அனுப்பச் சொன்னால் அனுப்புவேன், அது என் தொழில். வழக்கு உங்கள் பக்கம்தான் நிற்கும், முடிய எத்தனை வருடம் போகும் என்று மட்டும் கேட்காதீர்கள்.

ஆனால் கொஞ்சம் அவர் பக்கத்தில் இருந்து பாருங்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் தென்மராட்சிக்கு நடந்தபோது அவர் அந்த வீட்டைப் பூட்டிக்கொண்டு போயிருப்பார். திரும்பி வந்து கூரையில்லாத வீட்டுக்குள் தறப்பாளைக் கட்டிக்கொண்டு இருந்திருப்பார். ஓடு, தீராந்தி, கதவு நிலை ஒவ்வொன்றாக வாங்கிப் போட்டிருப்பார். அவருடைய பிள்ளைகள் அந்த முற்றத்தில்தான் நடை பழகினார்கள். நீங்கள் வந்து ‘என் வீடு’ என்று சொன்ன ஒவ்வொரு முறையும் அவருடைய மனைவிக்கு அடுப்படியில் கை நடுங்கியிருக்கும். அவர்கள் உங்களை விருந்தாளியாக நடத்தினார்கள் என்கிறீர்கள். விருந்தாளி திரும்பிப் போய்விடுவார் அல்லவா? அந்த நம்பிக்கையில் நடத்தியிருப்பார்கள் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே அடுத்த முறை வரும்போது அந்த வீட்டில் தங்காதீர்கள். பக்கத்து ஊரில் சின்ன வீடு வாடகைக்கு எடுங்கள். தம்பியையும் மனைவியையும் அங்கே கூப்பிட்டு, சமைத்துப் போட்டு, “உங்களுக்கு என்ன செய்தால் சரி?” என்று கேளுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். அவசரமாகப் பதில் வராது, வராமல் இருப்பது நல்லது. ஆறு பரப்பில் ஒழுங்கைப் பக்கமாக ஒன்றரைப் பரப்பை அவர் பேருக்கு நன்கொடையாக எழுதி, அதில் அவர் ஒரு வீடு எழுப்புவதற்குக் கைகொடுத்து, இரண்டு வருடம் தவணை வைத்த குடும்பம் ஒன்று எனக்குத் தெரியும். உறுதி முடித்த அன்று இரண்டு பக்கமும் அழுதார்கள், எனக்கு நொத்தாரிசுக் கட்டணம் கேட்கவே கூச்சமாக இருந்தது (கேட்டேன்). காணி துண்டு போகிறதே என்று அத்தான் யோசிப்பார். 70 வயதில் இரவு நெஞ்சு நொந்தால் படலையைத் திறந்துகொண்டு ஓடி வரப்போகிறவர் அந்த ஒன்றரைப் பரப்பில்தான் இருப்பார் என்று சொல்லுங்கள்.

வாடகை வீட்டை எந்த மாதத்தில் எடுப்பது என்பதும் முக்கியம். நீங்கள் கண்டது ஆவணி. அப்போது யாழ்ப்பாணம் கல்யாண வீடு மாதிரி. நல்லூரில் 25 நாள் திருவிழா, எந்தப் பக்கம் திரும்பினாலும் உங்களைப் போல வந்தவர்கள், ஐஸ்கிறீம் கடையில் இடமில்லை. முடிவெடுக்க அது சரியான மாதம் இல்லை. ஐப்பசியில் வந்து தை வரைக்கும் இருந்து பாருங்கள். வருடத்து மழையில் பெரும்பங்கு அப்போதுதான் கொட்டும். ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும், கறன்ற் போகும், மழை விட்ட கையோடு டெங்கு வரும். உடுப்புக் காயாது. இரவு எட்டு மணிக்கு ஒழுங்கையில் நின்று எத்தனை வீட்டில் லைற் எரிகிறது என்று எண்ணுங்கள். ஆவணியில் எரிந்ததில் பாதி அணைந்திருக்கும். அந்த இருட்டிலும் உங்களுக்கு இருக்க மனம் வந்தால் மிச்சத்தைப் பற்றிக் கதைக்கலாம்.

கடலுக்குக் கிட்ட என்கிறீர்கள், ஆகவே கிணற்றைப் பற்றி ஒன்று. இந்தக் குடாநாட்டில் வருடம் முழுக்க ஓடும் ஆறு இல்லை. மாரி மழை சுண்ணாம்புக்கல்லுக்குள் இறங்கி, கீழே இருக்கும் உப்புத் தண்ணீருக்கு மேலே படையாக மிதக்கிறது. அதைத்தான் குடிக்கிறோம். மெதுவாக அள்ளினால் நல்ல தண்ணீர், ஒரேயடியாக உறிஞ்சினால் அடியில் இருக்கும் உவர் மேலே ஏறிவிடும். லண்டனில் இருந்து வந்த என் சித்தப்பா பெரிய மோட்டர் பூட்டி, மேலே தாங்கி வைத்து, முற்றத்துக்குப் புல் பதித்துக் காலையும் மாலையும் விசிறினார். சித்திரைக்குள் தேத்தண்ணி உவர்த்தது. அவருடையது மட்டும் என்றால் பரவாயில்லை, வேலிக்கு அந்தப் பக்கத்துக் கிணறும் உவர்த்தது. அந்த வீட்டு அம்மா ஒரு சொல் சொல்லவில்லை. ஒருநாள் ஒரு செம்பில் தண்ணீரைக் கொண்டுவந்து சித்தப்பாவின் விறாந்தையில் வைத்துவிட்டுப் போனா. சித்தப்பாவுக்கு அதற்குப் பிறகு அந்த ஒழுங்கையில் ஆளில்லை. உங்கள் உறுதியை எடுத்துப் பாருங்கள், ‘கிணற்றில் பங்கும் வழிவாய்க்காலும்’ என்று இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தால் அந்தக் கிணறு உங்களுடையது மட்டும் இல்லை. மோட்டர் போட முதல் பங்குக்காரரைக் கேளுங்கள்.

கனடாப் பக்கத்துக் கணக்கைச் சுருக்கமாகச் சொல்கிறேன், உறுதிப்படுத்த அங்கே கேளுங்கள். 18 வயதுக்குப் பிறகு 20 வருடம் கனடாவில் வாழ்ந்தவருக்கு முதியோர் பென்சன் வெளிநாட்டிலும் வரும், உங்கள் இருவருக்கும் அது சரி. வருமானம் குறைந்தவருக்குக் கொடுக்கும் மேலதிகத் தொகை எடுக்கிறீர்களானால், ஆறு மாதத்துக்கு மேல் வெளியே நின்றால் அது நின்றுவிடும். ஒன்ராறியோ சுகாதார அட்டைக்கு எந்தப் பன்னிரண்டு மாதத்திலும் 153 நாள் அங்கே இருக்க வேண்டும். ஆகவே ஆறு மாதத்துக்குள் இங்கே நின்று திரும்பினால் இரண்டும் தப்பும். முதல் இரண்டு மூன்று வருடம் ஐப்பசிக்கு வந்து பங்குனியோடு திரும்புங்கள் என்பது என் யோசனை. அங்கே வீட்டை விற்பதைப் பற்றி இப்போது யாரோடும் கதைக்கவே வேண்டாம்.

பொருந்துவோமா என்று கேட்டீர்கள். ‘கனடா அன்ரி’ என்ற பட்டம் கொஞ்சக் காலம் நிற்கும். அதைச் சீக்கிரம் கழற்ற ஒரு வழி தெரியும்: “கனடாவில எண்டால்…” என்று தொடங்கும் வசனத்தை ஒரு வருடத்துக்கு வாயில் எடுக்காமல் இருப்பது. லேசு என்று நினைப்பீர்கள். வங்கியில் வரிசையில் அரைமணித்தியாலம் நின்று பாருங்கள், தொண்டை வரைக்கும் வரும். விழுங்குங்கள். ஓட்டோவுக்கு ஏறமுதல் காசைக் கேளுங்கள், இங்கே இருக்கிறவர்களும் அப்படித்தான் கேட்கிறோம்.

அத்தானைக் காலையில் ஊர்ச் சனசமூக நிலையத்துக்கு அனுப்புங்கள். வெளிநாட்டில் இருந்து வருகிறவர்கள் அங்கே போவது நன்கொடை கொடுத்துச் சுவரில் பெயர்க்கல் பதிக்கத்தான். இவர் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம். வாங்கில் இருந்து உதயன் பேப்பரை முன்பக்கத்தில் இருந்து மரண அறிவித்தல் வரைக்கும் வாசிக்கட்டும். நாலாம் நாள் யாராவது உட்பக்கத்தைக் கேட்பார்கள்.

உங்களுக்கு வேறு ஒரு வேலை இருக்கிறது. வரும்போது சீதன உறுதியைக் கொண்டு வாருங்கள். அதன் அட்டவணையில் காணியின் பெயர், பரப்பு, குளிக் கணக்குக்குப் பிறகு கிழக்கு, வடக்கு, மேற்கு, தெற்கு என்று நாலு எல்லையும், ஒவ்வொன்றுக்கும் நேரே ஒரு பெயரும் இருக்கும். உங்களைத் தூக்கி வளர்த்தவர்களின் பெயராக இருக்கலாம். இப்போது அந்த நாலு பக்கமும் யார் இருக்கிறார்கள் என்பது எனக்கு வேண்டும், அது இல்லாமல் தம்பிக்கு ஒன்றரைப் பரப்பும் பிரிக்க முடியாது, நில அளவையாளரையும் கூப்பிட முடியாது. காணிப் பதிவகத்தில் தேடினால் உறுதியில் இருக்கும் பெயர்தான் வரும், அடுப்பெரிக்கிறவர் யார் என்று வராது. அதை நீங்கள்தான் படலையைத் தட்டி, இன்னாருடைய மகள் என்று சொல்லி, தந்த தேத்தண்ணியைக் குடித்துக் கேட்டு எழுதிக்கொண்டு வர வேண்டும். நாலு பெயரும் கிடைத்த பிறகு என்னிடம் வாருங்கள். வியாழக்கிழமை வேண்டாம், அன்று எனக்கு மல்லாகத்தில் வழக்கு.